குளிர்நாட்டுக் கருவி, கொழும்பு வெக்கை

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க உதவும் டிரெயினர், குளிர்நாட்டுக்காரர்களின் தேவையை ஒட்டி வளர்ந்த கருவி. நவம்பரில் வீதி உறையத் தொடங்கினால் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் சைக்கிளைக் கராஜுக்குள் கொண்டுபோய் டிரெயினரில் பூட்டிவிடுவார்கள். மார்ச் வரைக்கும் சவாரி அங்கேதான். கொழும்பில் பனி இல்லை, தொடர்மாடியில் இருப்பவருக்குக் கராஜும் இல்லை. ஆனாலும் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது எந்த மொடல் நல்லது என்று. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஃபேனை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி.

பனி இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்கள் சூரியனைக் கவனிப்பதில்லை. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுக்க சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி உதிக்கும், மாலை ஆறு ஆறரைக்குள் மறைந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணி வரை வெளிச்சத்தில் ஓடலாம். இங்கே எந்த மாதத்திலும் அந்தச் சலுகை கிடையாது. அலுவலகம் விட்டு, காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்து சேரும்போதே இருட்டிவிடும். காலையில் ஆறரைக்குப் பிறகு பஸ்ஸும் பாடசாலை வானும் வீதியைப் பிடித்துக்கொள்ளும். மரைன் டிரைவிலோ, பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயாவைச் சுற்றியோ ஓட நினைப்பவருக்கு மிஞ்சுவது விடியலுக்கு முன்னும் பின்னுமாக ஒரு சின்ன இடைவெளிதான்.

அந்த இடைவெளியையும் மழை கேட்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவம், பின்னேரங்களில் இடி மின்னலோடு. தண்ணீர் நிற்கும் வீதியோரத்தில் குழி எது, மூடியில்லாத கான் எது என்று சைக்கிள்காரருக்குத் தெரியாது. பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. இருட்டோடு தனியாக வீதிக்கு இறங்கினால் யார் பின்னால் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அதைச் சொன்னால் ஆண்கள் பாதிப்பேர் மிகைப்படுத்தல் என்பார்கள். மிகைப்படுத்தல் இல்லை.

இன்னொன்று, 2022. பெற்றோல் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட அந்த மாதங்களில் பலர் சைக்கிளுக்கு வந்தார்கள், சைக்கிள் விலையும் ஏறியது. எரிபொருள் திரும்பியதும் அவற்றில் கொஞ்சம் பல்கனிக்குப் போய்விட்டன. சும்மா நிற்கும் அந்தச் சைக்கிளே போதும், தனியாக ஜிம் சைக்கிள் வேண்டாம் என்பதுதான் டிரெயினரின் கவர்ச்சி.

சரி, இது என்ன செய்கிறது? வீதியில் காலுக்கு எதிராக நிற்பவை காற்று, ஏற்றம், டயர் உராய்வு மூன்றும்தான். சமதரையில் பெரும் பங்கு காற்றுடையது. அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றுக்காக மட்டும் எட்டு மடங்கு வலு வேண்டும். வீட்டுக்குள் காற்றும் இல்லை, ஏற்றமும் இல்லை. அதனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு பிரேக் வேண்டும். டிரெயினர் வகைகளுக்குள் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பிரேக்கில்தான்.

மலிவானது காந்த வகை. பின்சக்கரம் ஒரு சின்ன உருளையைச் சுழற்றும், உருளையோடு ஓர் உலோகத் தட்டு காந்தங்களின் அருகே சுழலும். தட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். ஒன்றை ஒன்று தொடாததால் தேய்மானம் இல்லை. இதில் புதுமையும் இல்லை. டென்மார்க்கின் ஓகஸ்ட் குரோக் மனிதத் தசையின் உழைப்பை அளக்க மின்காந்தப் பிரேக் வைத்த சைக்கிள் கருவியை 1913 இலேயே வடிவமைத்துவிட்டார். 1920 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர் அவர். இன்றைய விலையுயர்ந்த ஸ்மார்ட் டிரெயினரும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது, கணினி மட்டும் கூடச் சேர்ந்திருக்கிறது.

திரவ வகையில் அடைத்த பெட்டிக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும், அதைத் துடுப்பு போன்ற விசிறி கடையும். வேகம் கூடக் கூட எதிர்ப்பு விறுவிறென்று ஏறுவதால் வீதிக் காற்றின் குணம் ஓரளவு கிடைக்கும். ஆனால் எண்ணெய் சூடாகும்போது எதிர்ப்பு கொஞ்சம் மாறும். முதல் பத்து நிமிடத்தில் இருந்த கனம் பிறகு இருக்காது. வெறும் உருளைகளின் மேல் சைக்கிளைப் பூட்டாமல் சமநிலையோடு ஓட்டும் பழைய வகையும் உண்டு. அது பழகியவர்களுக்கு, விட்டுவிடுவோம்.

பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகக் கருவியில் மாட்டுவது டைரக்ட் டிரைவ். டயர் தேயாது, வழுக்காது, சத்தமும் குறைவு. உள்ளே கனமான சுழல்சக்கரம் இருக்கும். பெடல் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டி நிற்காமல் ஓட வைப்பது அதுதான். வீதியில் 75 கிலோ மனிதரும் 10 கிலோ சைக்கிளும் போகும் வேகமே அந்தத் தொடர்ச்சியைத் தரும், வீட்டுக்குள் அந்த நிறை நகர்வதில்லை. மலிவான டிரெயினரில் சேற்றுக்குள் மிதிப்பதாகப் படுவதற்குக் காரணம் சுழல்சக்கரம் சிறியதாக இருப்பதே, உங்கள் கால் அல்ல.

இதில் ஸ்மார்ட் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, மிதிக்கும் வலுவை வாட்டில் அளந்து புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். மற்றது, போன் சொல்கிறபடி பிரேக்கை இறுக்கும், தளர்த்தும். மேல்தட்டுக் கருவிகள் ஒன்று இரண்டு வீதத் துல்லியம் சொல்கின்றன. டயரில் உரசும் வகைகளில் டயர் காற்றழுத்தமும் உருளையின் இறுக்கமும் மாறினாலே எண் மாறிவிடும். அதனால் திரையில் தெரியும் வேகத்தை வைத்து இன்னொருவரோடு போட்டி கதைப்பதில் பொருள் இல்லை. ஒரு கருவியின் 35 கிலோமீட்டர் வேறு, அடுத்த வீட்டுக் கருவியின் 35 வேறு. ஒரே கருவியில் உங்கள் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

குறித்த வாட்டில் கருவியைப் பூட்டிவைக்கும் ஒரு முறை உண்டு, எர்க் என்பார்கள். 180 வாட் என்று வைத்தால் நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் கருவி 180 ஐயே வாங்கிக்கொள்ளும். நிமிடத்துக்கு 90 சுற்றிலிருந்து 60 க்கு இறங்கினால், அதே வாட்டுக்காகக் கருவி பெடலை ஒன்றரை மடங்கு கனமாக்கும். கனம் கூடினால் கால் இன்னும் மெதுவாகும், மெதுவானால் இன்னும் கனக்கும். கடைசியில் பெடல் சிமெந்தில் புதைந்தது மாதிரி நின்றுவிடும். புதிதாக வாங்கியவர்கள் கருவி பழுது என்று நினைக்கும் இடம் இது. பழுது இல்லை. களைப்பு வரும்போது சுற்றைக் கூட்ட வேண்டும், அல்லது அந்த முறையையே அணைத்துவிட வேண்டும்.

கொழும்புக்காரருக்கு ஸ்மார்ட் கருவியால் உண்மையான ஒரு இலாபம் ஏற்றம். நகரம் தட்டையானது. மேம்பாலங்களை விட்டால் மிதித்து ஏற ஒன்றுமில்லை, கடுகண்ணாவைக்கோ நுவரெலியாவுக்கோ போனால்தான் உண்டு. 6 வீதச் சரிவில் மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏற, மேலே சொன்ன 85 கிலோவைத் தூக்க மட்டும் ஏறத்தாழ 165 வாட் வேண்டும். அந்த எதிர்ப்பை அறைக்குள் அப்படியே தரலாம். திரையில் மாயப் பாதைகளைக் காட்டி ஓட்டவைக்கும் ஸ்விஃப்ட் (Zwift) செயலியில் பிரான்சின் ஆல்ப் டுவெஸ் மலைப்பாதையை அதன் 21 வளைவுகளோடு பிரதி செய்து வைத்திருக்கிறார்கள். அதன் கட்டணம் மாதம் 19.99 டொலர், ரூபாயில் ஆறாயிரம் அளவில். மைவூஷ் என்ற இதே மாதிரிச் செயலி இலவசம், தொடங்குகிறவருக்கு அதுவே தாராளம்.

இந்த வீட்டுப் பயிற்சி விளையாட்டுக் காரியம் என்று நினைக்க வேண்டாம். 2016 பிப்ரவரியில் பந்தயமொன்றில் விழுந்து கை முறிந்த அவுஸ்திரேலியர் மத்யூ ஹேமன் வீட்டில் டிரெயினரிலேயே பயிற்சி செய்தார். ஆறு வாரம் கழித்து, ஏப்ரலில், பரீ-ரூபே பந்தயத்தை வென்றார். இடையிடையே கல் பாவிய வீதிகளோடு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பந்தயம் அது. டிரெயினரில் மிதித்தே போட்டியிடும் முதலாவது இணைய உலகச் சாம்பியன் போட்டி 2020 டிசம்பரில் நடந்தது; அதில் ஆண்கள் பிரிவை வென்ற ஜேர்மனியர் ஜேசன் ஒஸ்போன் அப்போது படகு வலிக்கும் வீரர்.

அவர்களுக்கெல்லாம் ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று வரும். நமக்கு வராது. கொழும்புக் கணக்கு இங்கேதான் மாறுகிறது.

மிதிக்கும் மனித உடல் எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 வீதமே பெடலுக்குப் போகும். மிச்சமெல்லாம் சூடு. சுமாரான உடற்தகுதி உள்ளவர் 150 வாட்டில் மிதித்தால் உடலுக்குள் 450 முதல் 600 வாட் வெப்பம் உண்டாகும். பெடலுக்குப் போன அந்த 150 உம் பிரேக்கில் சூடாகி அதே அறைக்குள்தான் வருகிறது. மொத்தத்தில் ஒரு மணி நேரமும் மின் அடுப்பொன்றைக் குறைந்த சூட்டில் எரியவிட்டது போல.

உடல் அந்த வெப்பத்தை வெளியேற்ற முக்கிய வழி வியர்வை. வியர்ப்பதால் குளிர்வதில்லை, வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. தரையில் சொட்டிய வியர்வை உடலுக்கு எந்த உதவியும் செய்யாமல் போன தண்ணீர். ஒரு லீட்டர் ஆவியானால் ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் போகும். 500 வாட் சூட்டை ஒரு மணி நேரம் சமாளிக்க முக்கால் லீட்டர் வியர்வை முழுதாக ஆவியாக வேண்டும். வீதியில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 7 மீட்டர் காற்று சும்மாவே உடலைத் தடவும். டிரெயினரில் காற்று பூச்சியம். தோலை ஒட்டி ஈரக்காற்றுப் படலம் தேங்கி நிற்க, வியர்வை ஆவியாக வழியின்றி வடியும். கீழே குளம் கட்டும் வியர்வையைப் படமெடுத்துப் போட்டு நல்ல உழைப்பு என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அந்தப் படம் காட்டுவது அறையில் காற்றோட்டம் இல்லை என்பதை.

‘இந்தப் புழுக்கத்தில் ஃபேன் போட்டும் என்ன, வெக்கைக் காற்றைத்தானே அடிக்கும்?’ என்று கேட்பார்கள். அது தவறு. மிதிக்கும் உடலின் தோல் 34, 35 பாகை சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்கும். கொழும்புக் காற்றில் வழமையாக இருப்பது 20 கிராமும் சற்று மேலும். தோலை ஒட்டிய படலத்தை விரட்டிவிட்டு அறைக் காற்றைக் கொண்டுவந்தாலே ஆவியாகப் பாதி இடம் காத்திருக்கிறது. ஆக, ஃபேன் குளிர்ந்த காற்றைத் தர வேண்டியதில்லை, புதிய காற்றைத் தந்தால் போதும். சீலிங் ஃபேன் இதற்குப் போதாது. நெஞ்சு உயரத்துக்கு ஸ்டாண்ட் ஃபேன் ஒன்று முன்னால், ஒரு மீட்டர் தூரத்தில், முழு வேகத்தில். முடிந்தால் முதுகுக்கு இன்னொன்று. முன் ஃபேனுக்குப் பின்னால் திறந்த ஜன்னல் இருந்தால் மிக நல்லது.

ஏசி பற்றி. 12,000 பிடியூ ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். மிதிப்பவரின் சூட்டை அது சுமக்கும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும், உதவிதான். ஆனால் ஏசியைப் போட்டு ஃபேனைப் போடாமல் விட்டால் வியர்வை அப்போதும் வடியும். அப்புறம் மின்கட்டணம். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பிப்ரவரியில் 66 வீதம் என்று கூட்டியதைப் பிறகு வந்த குறைப்புகளுக்குப் பின்னும் யாரும் மறக்கவில்லை. ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டை நெருங்கும். ஸ்டாண்ட் ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும் முறை நம்முடையது என்பதால் இந்த வித்தியாசம் பில்லில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

மின்சாரம் என்றால் மின்வெட்டும் வரும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பிப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து முழு நாடும் இருண்டது. சுவர் மின்சாரத்தில் ஓடும் ஸ்மார்ட் டிரெயினர்கள் பலவற்றில் கரண்ட் போனால் எதிர்ப்பும் போய்விடும், கால் வெறுமையாகச் சுற்றும். காந்த, திரவ வகைகளுக்குக் கரண்டே தேவையில்லை. ஆனால் ஃபேனும் நின்றிருக்குமே. அந்த நேரத்தில் இறங்கிவிடுவதுதான் புத்தி.

சூடு ஏறுவதை முதலில் காட்டுவது இதயத் துடிப்பு. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறையும், உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டும், அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறையும். அதே 150 வாட்டுக்கு இருபதாம் நிமிடத்தில் இருந்த துடிப்பு ஐம்பதாம் நிமிடத்தில் பத்து பதினைந்து கூடியிருக்கும். துடிப்பை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்கிறவர் நன்றாக உழைத்தேன் என்று நினைப்பார், கால் செய்தது அதே வேலைதான். வாட் அளக்கும் வசதி கொழும்பில் கூடுதல் பயன் தருவது இதனால்தான். தலைச்சுற்று, குமட்டல், வெக்கைக்குள்ளும் மயிர்க்கூச்செறிதல், இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு உடலை நனைத்துக் காற்றில் இருக்க வேண்டும். சர்க்கரை வியாதி, இதய வியாதி உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

இப்போது ஒரு புதுப் பழக்கம் பரவியிருக்கிறது. ஐரோப்பியத் தொழில்முறை வீரர்கள் வேண்டுமென்றே ஃபேனை நிறுத்தி, தடித்த உடுப்பு போட்டு, டிரெயினரில் மிதித்து உடலை வெப்பத்துக்குப் பழக்குகிறார்கள். உடற்சூட்டை அளந்துகொண்டு, பக்கத்தில் ஆள் வைத்துச் செய்யும் காரியம் அது. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தை அறைக்குள் ஜன்னலைப் பூட்டுவது முட்டாள்தனம்.

குடிப்பதற்கு எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும். மிதிக்க முன்னும் பின்னும் நிறை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீர். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் கொஞ்சம் உப்பும் சேர வேண்டும்.

இனி, கையில் இருக்கும் சைக்கிளுக்கு எது பொருந்தும் என்பது. டயரில் உரசும் டிரெயினர்கள் குவிக் ரிலீஸ் அச்சை, அதாவது சிறு நெம்பைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் வகையை, எதிர்பார்த்துச் செய்தவை. நம் வீடுகளில் நிற்கும் லுமாலா போன்ற சாதாரண சைக்கிள்களில் பின்சக்கரம் நட்டால் பூட்டியிருக்கும், ஸ்டாண்டும் கேரியர் கம்பியும் அதே நட்டில் தொங்கும். அவற்றைக் கழற்றி, டிரெயினர் பிடிக்கக்கூடிய நட்டு மாற்ற வேண்டும். சைக்கிளில் கியரும் இல்லாமல், கருவியில் எதிர்ப்பை மாற்றும் வசதியும் இல்லாவிட்டால், எதிர்ப்பைக் கூட்ட ஒரே வழி வேகமாக மிதிப்பது. மவுண்டன் சைக்கிளின் கட்டை டயர் உருளையில் உறுமும், வீடே அதிரும். பின்னால் வழுவழுப்பான டயர் மாட்டினால் தீரும். டைரக்ட் டிரைவ் வாங்குகிறவர் பின் அச்சின் அகலத்தையும் கியர் எண்ணிக்கையையும் எழுதி எடுத்துக்கொண்டு சைக்கிள் கடையில் காட்டிவிட்டு வாங்குவது பாதுகாப்பு. பின் பல்சக்கரம் சில கருவிகளோடு வராது.

ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா? உரசும் வகை பெரும்பாலும் பத்து கிலோ அளவில், பயணப்பெட்டிக்குள் அடங்கும். பெரிய டைரக்ட் டிரைவ் இருபது கிலோவைத் தாண்டும், அவருடைய பொதி அனுமதியில் ஒரு பெட்டி அதோடு முடிந்தது. கனடாவிலிருந்து வருவதானால் மின்பெட்டியின் லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றால் நம் 230 இல் சொருகிய உடனே கருகும். பழுதானால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு என்பதையும் சொல்ல வேண்டும். பாவித்த காந்த வகை ஒன்றும் நல்ல ஸ்டாண்ட் ஃபேன் இரண்டும் முதல் வருடத்துக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

தொடர்மாடியில் அயலவர் இருக்கிறார்கள். காற்றில் வரும் சத்தத்தைவிடத் தளத்தின் வழியே இறங்கும் அதிர்வுதான் கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும், மேலே இருப்பவருக்கு அது கேட்கவே கேட்காது. தடித்த றப்பர் பாய், அதன் கீழ் இன்னொரு நுரைப் பாய், கருவியைச் சுவரோரமாக வைப்பது, இவை குறைக்கும். காலை ஐந்து மணிக்குத் தொடங்க நினைப்பவர் ஒரு நாள் கீழே போய், மேலே ஒருவரை மிதிக்கச் சொல்லி, கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக உப்பு. மரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பியை அரிக்கும் கடற்காற்றோடு வியர்வையும் சேர்ந்துகொள்ளும். வியர்வை விழுவது எப்போதும் ஒரே இடங்களில்: ஹாண்டில், அதன் கழுத்து, மேல்குழாய், முன் போல்ட்டுகள். ஹாண்டிலின் மேல் துவாயைப் போட்டு மிதியுங்கள், முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். ஹாண்டிலில் சுற்றிய டேப்பைச் சில மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தால் அந்த ஹாண்டிலை மாற்றாமல் வீதியில் இறங்கக் கூடாது. பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான் அது முறியும்.